ஹீலியோஸுடன் ஒரு வாரம்

திங்கள்

மிரர்லெஸ் கேமராவில் இன்று திருகிப் பூட்டியிருப்பது ஹீலியோஸ் 44-2. மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோவியத் காலத்தில் உருவான ப்ரைம் லென்ஸ், 58 மி.மீ., எஃப்/2. ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் 1930களில் வெளியிட்ட பயோட்டார் லென்ஸின் வழிவந்தது. ஜெனிட் கேமராக்களோடு ஏராளமாக விற்றதால் பழைய லென்ஸ் சந்தையில் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு இல்லை. எந்த அப்பெர்ச்சரில் எடுத்த படம் என்பது கோப்பில் பதிவாகாது. அதற்காகவே புகைப்படக்காரர் இந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கிறார். மெனுவிலும் இரண்டு வேலைகள் இருந்தன: லென்ஸ் இல்லாதபோதும் ஷட்டர் இயங்க அனுமதிப்பது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதிக்கு 58 என்ற எண்ணைக் கொடுப்பது.

செவ்வாய்

எம்42 திருகு மவுண்ட் லென்ஸ், ஃபிலிம் தளத்திலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனி இ மவுண்ட் கேமராவில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ.தான். மீதி 27.46 மி.மீ. தூரத்தை அடாப்டர் என்கிற வெற்று உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். படத்தின் தரம் குறையாது.

நிக்கான் எஃப் மவுண்டில் இதே இடைவெளி 46.5 மி.மீ. அடாப்டருக்கு அங்கே இடமே இல்லை. அப்படியே மாட்டினால் தொலைவிலுள்ள கோபுரமோ மலையோ ஃபோகஸுக்கு வராது. 1987-இல் கேனான் இஓஎஸ் மவுண்டுக்கு மாறியபோது அதன் எஃப்டி லென்ஸ்களும் இதே காரணத்தால்தான் அநாதையாயின. அவற்றுக்கு மறுவாழ்வு தந்தது மிரர்லெஸ்.

புதன்

வாசல் செம்பருத்திக்கு அரை மீட்டர் அருகில் போனார். இந்த லென்ஸ் நெருங்கக்கூடிய எல்லை அது. எஃப்/2-இல் தெளிவாக விழும் ஆழம் அங்கே ஒரு செ.மீ.கூடத் தேறாது. மகரந்தத் தண்டின் நுனி கூர்மை, இதழ் விளிம்பு புகை.

லென்ஸில் இரண்டு அப்பெர்ச்சர் வளையங்கள். ஒன்று எண்ணைக் குறித்து வைக்க, மற்றது திறந்து மூட. அந்தக்கால ரிஃப்ளெக்ஸ் கேமராவில் அப்பெர்ச்சரை மூடினால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும்; அதனால் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு மூட வேண்டும். மின்னணு வ்யூஃபைண்டர் தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதால் அந்தச் சிரமம் போயிற்று. விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் உதவும். ஆனால் முழுத் திறப்பில் அதை நம்பிவிடக் கூடாது. காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதே உறுதி. ஓடுகிற குழந்தையை இப்படித் துரத்த முடியாது.

வெள்ளி

காலை வெயிலில் வேப்பமரம், முன்னால் ஒரு முகம். பின்னால் இலைகளுக்கிடையே தெரிந்த ஒளிப்புள்ளிகள் நடுவில் வட்டமாகவும், ஓரங்களில் பூனைக்கண்போல் ஒடுங்கியும் விழுந்தன. ஒடுங்கியவை எல்லாம் நடுவைச் சுற்றி வரிசைகட்ட, பின்புலமே சுழல்வதாகத் தெரிகிறது. ஓரத்தில் சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் உடல் மறிப்பதும், ஓரப் பிழைகள் முழுதாகத் திருத்தப்படாததும் இதற்குக் காரணம். கணக்கில் குறைதான். ஆனால் முகத்தைத் தழுவி நிற்கும் அந்தச் சுழல் மிக அழகு; இந்த லென்ஸைத் தேடி வாங்குபவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள்.

எஃப்/5.6-க்கு மூடியதும் சுழல் காணாமல் போனது. கூர்மை ஓரம் வரை பரவியது. கிளைகளின் ஓரத்தில் படிந்திருந்த ஊதா நிறமும் பெரும்பாலும் மறைந்தது. சூரியன் சட்டகத்துக்குள் வந்ததும் கதை வேறு. பழைய பூச்சு சிதறொளியைத் தடுக்கவில்லை. கறுப்பு சாம்பலாக வெளிறியது. எந்த அப்பெர்ச்சரும் இதைச் சரிசெய்யாது. ஹூட் மாட்டலாம், இல்லையென்றால் நின்ற இடத்தை மாற்றலாம்.

சனி

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை இன்று எழுதினார். டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலையாகத் தெரியும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் பூஞ்சைதான் பெரிய எதிரி. பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட சில டாகுமார் லென்ஸ்கள் காலப்போக்கில் மஞ்சளாகும். அது பயப்படும் குறையல்ல; புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும்.

ஞாயிறு

படங்களைப் பிரித்தபின் அவரது முடிவு தெளிவாக இருந்தது. கல்யாண மண்டபத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஆட்டோஃபோகஸ் உள்ள புதிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸே போதும், அதுவே தேவையும். நிதானமாக உட்காரும் ஆளின் முகம், இலை, பூ, மாலை வெளிச்சம் இவற்றுக்கு ஹீலியோஸ்.

ஃபுல்ஃபிரேம் கேமரா இல்லாதவர்களுக்காக ஒரு வரி சேர்த்தார்: சோனி ஏபிஎஸ்-சி சென்சாரில் இது 87 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தரும், முகப்படத்துக்கு அருமையான அளவு. ஆனால் ஓரங்கள் வெட்டுப்படுவதால் சுழல் பாதியும் கிடைக்காது.