வரிசை எண்ணிய சிறுவன்

புதுவை நகரின் வடமேற்கே அமைந்தது தட்டாஞ்சாவடி. தட்டார் என்பார் பொற்பணி செய்வோர். சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் பொது இடம். பெயர் இவ்வாறு அமைதியை நினைவூட்டினும், இன்று அப்பகுதி ஆரவாரம் மிக்கது. ஒருபால் தொழிற்பேட்டையின் பொறிகள் முழங்கும். ஒருபால் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நோக்கி விரையும். அங்கு வாழ்வோர் செவிக்கு இவ்வொலிகள் பழகிப்போயின. எனினும், அத்தகைய தெருவில் ஒரு சிறுவன் இரு கைகளாலும் செவிகளைப் பொத்திக்கொண்டு தாயின் பின்னே ஒடுங்கி நிற்றலும் உண்டு. காண்போருள் சிலர் நகைப்பர். சிலர், பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்று தாயைப் பழிப்பர். அவன் ஏன் செவி பொத்தினான் என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவே அப்பிள்ளைக்குக் கல்வி புகட்டுதற்கு வாயிலாகும்.

இவ்வாறு ஒலிக்கு அஞ்சும் பிள்ளைகளுள் சிலர் ஆட்டிசம் என்னும் இயல்பு உடையோர் ஆவர். 'தான்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும், புறவுலகச் சிந்தனையின்மை என்றும் வழங்குவர். பெயர்கள் இவ்வாறு கூறினும், இப்பிள்ளைகளுள் பலருக்குப் புறவுலகம் தோன்றாமல் இல்லை. அளவுக்கு மிஞ்சித் தோன்றுகின்றது. பிறர் செவிக்கு மெல்லொலியாவது அவர்தம் செவிக்கு இடியாகலாம்; பிறர் உடலில் உறுத்தாத துணி அவர்தம் உடலில் முள்ளாகலாம். ஒரு வீட்டின் கதவு அடைத்திருத்தல் உள்ளே ஆள் இன்மையால் மட்டும் அன்று. வெளியே புயல் வீசுவதாலும் ஆகலாம் அன்றோ?

ஆட்டிசம் தொற்றிக்கொள்ளும் நோய் அன்று. பெற்றோரின் வளர்ப்புக் குறையால் விளைவதும் அன்று. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று முன்னாளில் மருத்துவர் சிலரே கூறினர். அக்கூற்றுப் பிழை எனப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. மூளையின் வளர்ச்சி பிறந்த நாள்தொட்டே வேறோர் ஒழுங்கில் அமைவதால் விளையும் இயல்பு இது. இவ்வியல்பு உடையோர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் ஒரு சொல்லும் பேசார். சிலர் கல்லூரி வரை கற்பர். சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். ஆதலின் ஒரு பிள்ளையைக் கொண்டு மற்றொரு பிள்ளையை அளத்தல் தகாது.

இவ்வியல்பினை உலகம் தெளிவாக அறிந்தது 1943ஆம் ஆண்டில் ஆகும். அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் மருத்துவராக விளங்கிய லியோ கானர் என்பவர், பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து அவ்வாண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கட்டுரையில் முதலாவதாகக் குறிக்கப்பெற்ற சிறுவன் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவன் அவன். கேட்டவற்றை மறவாத நினைவாற்றல் அவனுக்கு இருந்தது. ஆயினும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரான். பொருள்களைச் சுழற்றிப் பார்ப்பதிலேயே பொழுது போக்குவான். கண்டவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டே இருப்பான். மருத்துவரின் அறிவுரையால் நான்கு வயது நிரம்புமுன்பே அவனை ஒரு காப்பகத்தில் விட்டனர் பெற்றோர். அங்கு அவன் வாடுவதை உணர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தம்மிடமே மீட்டுக்கொண்டனர்.

அவனுக்கு ஒன்பது வயது ஆனபோது, ஊருக்கு அருகில் வாழ்ந்த ஓர் உழவர் வீட்டில் சில காலம் அவனைத் தங்கவைத்தனர். அவ்வுழவரும் அவர்தம் மனைவியும் உளநூல் கற்றோர் அல்லர். ஆயினும் பிள்ளையின் உள்ளம் செல்லும் வழியைக் கண்டுகொண்டனர். எதையும் அளந்து பார்க்கும் வேட்கை அவனுக்கு மிகுந்திருந்தது. அதனைக் கண்டவர்கள், அவனைக் கிணறு தோண்டவிட்டு, அதன் ஆழத்தை அளந்து சொல்லுமாறு பணித்தனர். சோள வரிசைகளை மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தபோது, எண்ணாதே என்று கடியவில்லை. எண்ணட்டும் என்று வாளாவும் இருக்கவில்லை. ஏரினை அவன் கையில் கொடுத்து, அவ்வரிசைகளை உழுதுகொண்டே எண்ணுமாறு கூறினர். பின்னர் ஆங்குச் சென்ற கானர், அச்சிறுவன் ஆறு நெடிய வரிசைகளை உழுததையும், குதிரையைத் திறம்படத் திருப்பியதையும் நேரில் கண்டு எழுதியுள்ளார். அருகில் இருந்த நாட்டுப்புறப் பள்ளியிலும் அவன் பயின்றான். அங்கு இருந்தோர் அவனுடைய வேறுபட்ட செயல்களைக் குற்றமாகக் கொள்ளாமையால், அவன் கல்வியும் வளர்ந்தது.

டொனால்டு 1958ஆம் ஆண்டில் கல்லூரிப் பட்டம் பெற்றார். தம் ஊரில் உள்ள வங்கியில் நெடுங்காலம் பணி புரிந்தார். தனியே பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 2023ஆம் ஆண்டில் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவருடைய ஆட்டிசம் இறுதி வரை நீங்கவில்லை. நீக்கும் மருந்தும் இல்லை. அவ்வியல்போடே அவர் வாழ்வதற்கு உழவர் வீடும், பள்ளியும், ஊராரும் இடம் தந்தனர்.

இன்று சிறப்புக் கல்வி ஆசிரியர் கையாளும் முறைகளிலும் இவ்வுழவரின் நெறியே விளங்குகின்றது. இப்பிள்ளைகளுள் பலர் செவியால் கேட்பதினும் கண்ணால் காண்பதை எளிதில் பற்றிக்கொள்வர். ஆதலின் ஒரு நாளின் செயல்களைப் படங்களாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டி வைப்பர். அடுத்து நிகழ்வது யாது என்று தெரிந்த பிள்ளைக்கு அச்சம் தணியும். கை கழுவுதல் போன்ற எளிய செயலையும், குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், வழலைக்கட்டி தேய்த்தல், அலசுதல், துடைத்தல் எனச் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றாகப் பயிற்றுவர். வகுப்பில் ஓர் அமைதியான மூலையை ஒதுக்கி, ஒலி மிகும்போது பிள்ளை ஆங்குச் சென்று தேற இடம் செய்வர். பேசாத பிள்ளைக்குப் படஅட்டைகளைத் தந்து, வேண்டியதைச் சுட்டிக் காட்டச் செய்வர். இப்பயிற்சிகளை இளமையிலேயே தொடங்குதல் பெரும்பயன் தரும்.

மொழியிலும் இவர்களுக்கென்று ஒரு வழி உண்டு. தண்ணீர் வேண்டிய சிறுவன், "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று தாயைக் கேட்பான். தாய் தன்னை வினவிய தொடரை அவ்வாறே மனத்திற் கொண்டு, அதனையே திருப்பிச் சொல்லுகின்றான். தன்மை முன்னிலை மயங்கியது என்று அவனைத் திருத்தத் தொடங்குமுன், அவன் விடாய் தணித்தல் வேண்டும். நீரைத் தரும்போதே, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அவன் சொல்ல வேண்டிய தொடரைச் சொல்லிக் காட்டினால், நாளடைவில் அது படியும். உருவக மொழியும் சிலரை மயக்கும். "வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது" என்றால், வானத்தில் ஓட்டையைத் தேடும் பிள்ளையும் உண்டு. அத்தகைய பிள்ளையிடம் குறுகிய தொடரால் நேர்ப்பொருள் படப் பேசுதல் நலம்.

நம் நாட்டிலும் இப்பணி வளர்ந்து வருகின்றது. ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற மேரி பருவா என்னும் அம்மையார், 1991ஆம் ஆண்டில் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பினைத் தோற்றுவித்தார். புதுவையில் சித்ரா ஷா என்னும் அம்மையார் 2003ஆம் ஆண்டில் சத்யா சிறப்புப் பள்ளியைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் ஒன்றாகக் கொண்டுள்ளது. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உடைய பிள்ளைகள், ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகில் உள்ள பள்ளியிலோ, தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையையும் அது வழங்குகின்றது.

சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையைத் தன் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் கடமை உடன் பயிலும் மாணவனுடையது. அவன் கண்ணை நோக்காது பேசினால், செருக்கு என்று எண்ணுதல் ஆகாது. ஒரே செய்தியைப் பன்முறை கூறினால் எள்ளுதல் ஆகாது. விளையாட்டிற்கு அழைக்கும்போது, கூச்சலிடாமல் அருகில் சென்று மெல்ல அழைத்தல் வேண்டும். விளையாட்டின் விதியைச் சொல்வதோடு நில்லாமல், ஆடியும் காட்டுதல் வேண்டும். இன்று அவன் வாராது போனால், நாளையும் அழைத்தல் வேண்டும். எண்ணுவதில் விருப்பம் உடையவனாயின், ஆட்டத்தின் புள்ளிக்கணக்கை அவனிடம் ஒப்படைக்கலாம். அவன் பிழையறக் கணக்கிட்டுச் சொல்லும்போது, அவ்வணியில் அவனும் ஒருவனாவான்.