ரெயின்டீருக்கு வீடு கட்டுவது எப்படி? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு த்ரெட்

1/
சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற டாக்டர் இன்னைக்கு கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதுறாரேன்னு பார்க்காதீங்க. இதுவும் உடம்பு சமாச்சாரம்தான். ஓபி முடிந்து வந்தால் சில ராத்திரிகளில் நானும் எட்டாவது படிக்கிற என் பொண்ணும் ‘பிளானட் ஜூ’ விளையாடுவோம். ஃப்ரான்டியர் நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட கேம். ஒரு உயிரியல் பூங்காவை நீங்களே கட்டி, நீங்களே நடத்த வேண்டும். அந்த டிசம்பரில் வந்த ஆர்க்டிக் தொகுப்பில் பனிக்கரடி, ஓநாயோடு ரெயின்டீரும் வந்தது.

2/
கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியை இழுக்குமே, அந்தப் பனிமான்தான். மான் இனத்திலேயே ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டும்தான். வளர்ந்த ஆண்களுக்குக் கொம்பு பெரும்பாலும் டிசம்பருக்குள் விழுந்துவிடும். பெண்கள் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும். அப்போ தாத்தா வண்டியில் கொம்போடு நிற்கிறது யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

3/
இதுக்கு அடைப்பிடம் கட்டச் சொன்னால் எல்லோரும் முதலில் செய்வது அலங்காரம். வெள்ளைப் பனி, நாலு பைன் மரம், மரக்குடில், சீரியல் லைட். பார்க்க ஜோரா இருக்கும். ஆனால் விலங்கின் மேல் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் திறக்கும்: வெப்பநிலை, தரை, செடிகள், இடம், கூட்டம், ஒதுங்க ஒரு கூரை. கிட்டத்தட்ட நம்ம வார்டு கேஸ் ஷீட் மாதிரி. அதைப் பார்த்துட்டு பொண்ணு ஒருநாள் சொன்னாள்: “அழகாத்தான்ப்பா இருக்கு. ஆனா அதுக்குப் பிடிக்கல.”

இந்த த்ரெட்டில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஒரு உயிருக்கு இடம் தோதா இல்லையான்னு சொல்ல வேண்டியது நம்ம கண் இல்லை, அதன் உடம்பு.

4/
முதல் விஷயம் சூடு. ரெயின்டீரின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் மேலே போர்த்தியிருக்கிற கம்பளி வேற லெவல். ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று அடைபட்டிருக்கும். வெளியே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும் உடம்பைச் சூடாக வைக்க அது தனியாகச் சக்தியைச் செலவழிக்கத் தேவையில்லை. மூச்சை வெளியே விடும்போதுகூட மூக்குக்குள் இருக்கும் சுருள் சுருளான சவ்வு அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போ அதே கம்பளியோடு ஏப்ரல் மாதம் மதியம் கம்பத்தில் நிற்பதாக நினைத்துப் பாருங்க. நமக்காவது வேர்க்கும், வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். அது முக்கியமாக நாய் மாதிரி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கோடையில் திராட்சைத் தோட்ட வேலையிலிருந்து மயங்கி வந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்கிறவர்களை நான் பார்க்கிறேன். உடம்பால் ஒரு அளவுக்கு மேல் தாங்க முடியாது. அது பழக்கமோ மனதிடமோ சம்பந்தப்பட்டதில்லை.

5/
கேமில் இதுக்கு வழி சுலபம். ஒரு குளிரூட்டும் கருவியை வாங்கி நட்டால் சுற்றுவட்டாரம் குளிர்ந்துவிடும், கரண்ட் மட்டும் வேண்டும். நிஜத்தில் பெரிய திறந்தவெளிக்கு ஏசி போட முடியாது. அங்கே கெட்டிக்காரத்தனம் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். பனிச்சிறுத்தையையும் சிவப்புப் பாண்டாவையும் இனப்பெருக்கம் செய்கிற நம் நாட்டுப் பூங்கா டார்ஜிலிங்கில் இருக்கிறது. 1958-இல் தொடங்கியது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். அந்தக் குளிருக்கு யாரும் கரண்ட் பில் கட்டுவதில்லை.

6/
அடுத்தது தரை. பனி என்றாலே வெள்ளையாகக் கொட்டிவிடுவோம். ஆனால் ரெயின்டீர் வாழும் நிலத்தில் புல், மண், பாறை எல்லாம் கலந்திருக்கும். தரையில் படரும் லைக்கன்தான் அதற்கு முக்கியக் குளிர்கால உணவு. பனியைக் காலால் தோண்டி எடுத்துத் தின்னும்.

அதன் குளம்பும் பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் பாதம் மெத்து மெத்துன்னு இருக்கும், சேற்று நிலத்துக்கு வாகு. குளிர்காலத்தில் அந்த மெத்தை சுருங்கி, குளம்பின் விளிம்பு வெளியே தெரியும். வழுக்காமல் நிற்கவும் தோண்டவும் அதுதான் உதவும். காலில் தேய்கிற தரை தவறாக இருந்தால் நோய் குளம்பில்தான் முதலில் தெரியும். மாடு வளர்க்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

7/
மூன்றாவது கூட்டம். ரெயின்டீர் மந்தையாக வாழும் விலங்கு. ஒற்றையாக விட்டால் தீனி, தண்ணீர், குளிர் எல்லாம் சரியாக இருந்தும் அதற்கு அது வீடு இல்லை. அதுக்காக வளர்ந்த ஆண்களை நெருக்கமாக அடைத்தால் இனப்பெருக்கக் காலத்தில் கொம்பு உடையும். கேம் இதையெல்லாம் எச்சரிக்கும். ரத்த உறவுக்குள் குட்டி போட்டாலும் சொல்லும். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் பண்ணுகிற நம்ம ஊரில், இந்த ஒரு பாடத்துக்காகவே பிள்ளைகள் இதை விளையாடலாம்.

8/
நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒளிய இடம். டிக்கெட் எடுத்தவர் விலங்கைப் பார்க்கணும். விலங்குக்கோ பார்க்கப்படாமல் இருக்கவும் ஒரு மூலை வேண்டும். ரெண்டும் மோதும். எல்லாப் பக்கமும் கண்ணாடி வைத்தால் வருமானம் ஏறும், விலங்கின் மன அழுத்தமும் ஏறும். கேமில் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி கிடைக்கும், ‘சத்தம் போடாதீர்’ பலகை வைக்கலாம். அதைவிட நல்லது, ஆள் போகாத பக்கம் ஒரு புதர்.

அடுத்தமுறை வண்டலூர் போகும்போது “புலி தூங்குது, வெளியவே வரல, காசு வேஸ்ட்”னு சொல்லாதீங்க. ஒதுங்கித் தூங்க இடம் இருக்குன்னா அந்தக் கூண்டு சரியாக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

9/
சரி, கேம்தானேன்னு விட்டுடலாமா? நம்ம ஊர்க்காரங்க விட முடியாது. 2023-ஐ மறந்திருக்க மாட்டீங்க.

சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பனை அந்த ஏப்ரல் கடைசியில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். காடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தீனி இருக்கிறது. பட்டியலில் எல்லாக் கட்டமும் டிக். ஆனால் யானை அங்கே நிற்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்தது. மே 27 அன்று கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. 144 போட்டார்கள். ஒருவர் அடிபட்டு உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

கேமில் எல்லாக் கட்டமும் பச்சையானால் வேலை முடிந்தது. நிஜ விலங்குக்கு நினைவு இருக்கிறது, பழகிய தடம் இருக்கிறது. எந்தக் கேஸ் ஷீட்டிலும் அதுக்கு ஒரு கட்டம் இல்லை. அதை விட்டதுக்கான விலையை யானையும் கொடுத்தது, நம்ம தெருவும் கொடுத்தது.

10/
நமக்கும் ஒரு குளிர்விலங்கு உண்டு. வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளியும் செங்குத்துப் பாறையும்தான் அதன் வீடு. இந்தப் பள்ளத்தாக்கில் வெயிலில் நின்று நிமிர்ந்து பார்க்கிறோமே, அந்த மலைகளிலும் இருக்கிறது. 2023-இல் அரசு இதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 இருந்தன.

அதன் சிக்கல் எளிமையானது. கீழே சூடு ஏறினால் விலங்குகள் மேலே ஏறும். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? அந்தப் புல்வெளியையும் சீகை மரமும் தைலமரமும் பிடித்துக்கொண்டே வருகின்றன. மலைக்குக் குளிரூட்டும் கருவி வாங்கி நட முடியாது. இருக்கிற புல்வெளியைக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி.

11/
பார்க்க ஆசை வந்தால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு தாண்டினால் இரவிகுளம் தேசியப் பூங்கா. அங்கே ராஜமலையில் வரையாடு சுதந்திரமாக மேயும். நாமதான் பஸ்ஸில் போய், கோடு போட்ட ரோட்டில் மட்டும் நடக்கணும். அடைப்பு நமக்குத்தான். குட்டி போடும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வாசலை மூடிவிடுவார்கள். விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

பக்கத்தில் வந்தால் தொடாதீங்க, பிஸ்கட் நீட்டாதீங்க. பாலிதீன் கவர் ஒன்றுகூட விட்டுட்டு வராதீங்க. புல் தின்கிற வயிற்றில் அது அடைத்துக்கொண்டால் அந்த உச்சியில் ஆபரேஷன் செய்ய ஆள் கிடையாது.