மங்குக்குட்டிக்குப் பசிக்கும் காலம்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. டீச்சரின் உறவினர் அனுப்பியது. உள்ளே நான்கு கைப்பாவைகள், நான்கு பருவப் பாட்டுகள். வசந்தத்துக்குத் தேனீ, கோடைக்குச் சூரியன், இலையுதிர் காலத்துக்கு அணில், குளிர்காலத்துக்குப் பனிமனிதன். வகுப்பில் நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை 14 பிள்ளைகள். பனிமனிதனை வெளியே எடுத்ததும் ஒரு பையன் கேட்டான், "டீச்சர், இது ஐஸ் கச்சாங்கா?"

எல்லாரும் சிரித்தோம். அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கிள்ளானில் பிறந்த பிள்ளைக்கு, குவித்து வைத்த வெள்ளை ஐஸ் என்றால் அதுதான்.

நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளர். பள்ளிக் காலத்தில் ஆறு வருஷம் கர்நாடக சங்கீதம் படித்தேன், பல்கலைக்கழகம் போனதும் நின்றுபோனது. அந்த ஆறு வருஷத்தை நம்பித்தான் டீச்சர் என்னைப் பாட்டு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "பருவத்தப் பத்திப் பாட்டு வேணும்மா. ஆனா நம்ம பருவமா இருக்கணும்" என்றார்.

நம்ம பருவம் எது? தமிழில் ஆறு பெரும்பொழுதுகள் இருக்கின்றன. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஒவ்வொன்றும் இரண்டு மாதம். பனிமனிதனுக்குப் பதில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பூமத்தியரேகைக்கு மூன்று டிகிரி மேலே இருக்கும் கிள்ளானில் முன்பனி ஏது, பின்பனி ஏது? இங்கே வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும். வெள்ளமெல்லாம் பெரும்பாலும் கிழக்குக் கரைக்குத்தான். மேற்குக் கரையில் இருக்கிற நமக்கு ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை. மேகம் கறுத்த பத்து நிமிஷத்தில் சாலை முழுக்கத் தண்ணீர்.

தொல்காப்பியத்தை மறுபடி புரட்டினேன். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிர் என்று பொழுதை நிலத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள். கருப்பொருளில் மரமும் பறவையும் மட்டும் வருவதில்லை. அந்த நிலத்து மக்களின் உணவு, தொழில், பறை, யாழ் எல்லாம் வருகின்றன. அந்த ஆறு பருவங்களின் பட்டியல் இங்கே உதவாது, அந்த முறை உதவும் என்று பட்டது. நிலம், தொழில், ஓசை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கும் பருவம் கிடைக்கும்.

முதலில் மழையை எடுத்துக்கொண்டோம். மழைப் பாட்டுக்குப் பொதுவாகக் கைகளைத் தேய்ப்பது, விரலால் தட்டுவது, தொடையில் தட்டுவது, கால் மிதிப்பது என்று மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போவார்கள். கிள்ளான் மழை அப்படிப் படிப்படியாக வருவதில்லை. அதனால் எங்கள் பாட்டில் இரண்டு விரல் தட்டல், ஓர் அமைதி, உடனே எல்லாரும் தரையில் இரண்டு கையாலும் அடிப்பது என்று வைத்தோம். மழை விட்டதும் கூரையிலிருந்து சொட்டுவதுபோல் ஒவ்வொருவராக ஒரு தட்டு. அந்த நடு அமைதியில் 14 பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாளத்தில் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாவைக்கு வருவோம். பாவையை ஆட்டப் பழகும்போது முதலில் கற்பது, அசை ஒலிக்கிற நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்பது. பழகாத கை அந்த நேரத்தில் வாயை மூடும். பாவை சொல்லைக் கடித்துத் தின்கிற மாதிரி இருக்கும். இதைப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'பட்டு' என்றால் பாவையின் வாய் டக்கென்று மூடும். 'பாட்டு' என்றால் திறந்தபடியே கொஞ்சம் நிற்கும். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் சிலருக்கு இந்த வித்தியாசம் காதில் விழவே இல்லை. கண்ணில் பட்டதும் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, டீச்சர் சுருதி தப்பிப் பாடினால் பிள்ளைகளும் அப்படியே பாடுவார்கள். பாவை தப்பிப் பாடினால் சும்மா விடமாட்டார்கள். "அப்படி இல்ல!" என்று கத்திவிட்டுச் சரியாகப் பாடிக் காட்டுவார்கள். பாட்டை எளிதாகத்தான் வைத்தோம். பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குகிற இரண்டே சுரம். வாசலில் நின்று "அம்...மா" என்று கூப்பிடுகிற பிள்ளையின் குரலில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் வழிவந்த இசைக்கல்வியிலும் பாட்டு இந்த இறக்கத்தில்தான் தொடங்குகிறது.

"ஒரு சர்வோ மோட்டார் போட்டுட்டா கை வலிக்காதுல்ல?" என்று வேலையிடத்து நண்பன் கேட்டான். போடலாம், ஒரு மணி நேர வேலை. ஆனால் ஒரு பிள்ளை வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து மூச்செடுக்கிற வரைக்கும் பாவை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது கைக்குத் தெரியும். கிளந்தானின் வாயாங் கூலிட்டில் ஒரே டோக் டாலாங் ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளி பாக் டோகோலுக்கும் குரல் கொடுப்பார். அவர் திரைக்குப் பின்னால் இருப்பார். நான் பிள்ளைகள் முன்னாலேயே உட்கார்ந்து, வாயசைத்துப் பாடுகிறேன். ஆனாலும் ஒருவர்கூட என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மழைக்கு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது கூலிமில் இருக்கும் பாட்டியைக் கேட்டேன். பாட்டி 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். "பாட்டி, நம்ம நாட்டுல இலையுதிர் காலம் இருக்கா?"

"ஏன் இல்ல? தைப்பூசம் முடிஞ்சா எல கொட்டும்."

ரப்பர் மரம் வருஷத்தின் முதல் மாதங்களில், வறட்சி வரும்போது இலையை உதிர்க்கும். மூன்று மூன்றாக நிற்கும் இலைகள் செம்பழுப்பாகிக் கொட்டும். நிரைக்கு நிரை மொட்டையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே வெயில் நேராகத் தலையில் இறங்கும். புது இலை வந்து முற்றும்வரை பால் குறைவு. இத்தனை வருஷமாக இலையுதிர் காலம் என்றால் சினிமாவில் பார்க்கிற கனடா என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, என் பாட்டி அதற்குள் நின்று வேலை செய்திருக்கிறார் என்பது புதிய செய்தி.

"அதுக்குப் பாட்டு ஏதாவது இருக்கா?"

"எல கொட்டுச்சுன்னா பாலு கம்மி. பாலு கம்மின்னா சம்பளம் கம்மி. இதுல பாட்டு எங்கேருந்து வரும்?" கங்காணியைத் திட்டுகிற பாட்டு பாட்டிக்குத் தெரியும், தாலாட்டு தெரியும். இதற்கு இல்லை. மழையைப் பற்றியும் சொன்னார். விடியக்காலையில் மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவிய பிறகு பெய்தால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வழிந்து போய்விடும். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. தோட்டத்தில் அதே மழை விடியலில் வந்தால் அன்றைய கூலி போச்சு.

அப்படித்தான் மங்குக்குட்டி பிறந்தது. பெரியம்மா வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் மங்கு இரண்டு. சைக்கிள் டியூப் துண்டை வைத்து இரண்டையும் கீல் மாதிரி இணைத்தேன். மேல் மங்கில் இரண்டு கண். மூடும்போது 'டக்' என்று தானாகவே தாளம் போடும். வெள்ளைக் கம்பளி நூல்தான் பால். பாட்டில் ஒவ்வொரு அடி முடியும்போதும் ஒரு பிள்ளை எழுந்து வந்து மங்குக்குட்டிக்குப் பால் ஊட்டும். மழைப் பாட்டில் நீல நூல் உள்ளே போய்விடும். மங்குக்குட்டி களகளவென்று கொப்பளிக்கும், பாட முடியாது. இலை கொட்டும் பாட்டில் மூட்டையிலிருந்து உண்மையான ரப்பர் இலையைத் தலைமேல் கொட்டுவோம். வெள்ளை நூல் இரண்டே இரண்டுதான் இருக்கும். பாட்டும் மெதுவாகிவிடும்.

ரப்பர் கொட்டைகளையும் கொண்டுவந்தேன். அந்தப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்கவில்லை. பாட்டிலில் போட்டு மூடியைப் பசை வைத்து ஒட்டிக் கிலுகிலுப்பை ஆக்கினேன். சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சுடு வைக்கிற விளையாட்டை மட்டும் தாத்தாக்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

ஓர் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாங்க தோட்டத்த விட்டு வந்து ரெண்டு தலைமுறை ஆச்சும்மா. இந்தப் பிள்ளைங்க ஏன் அந்தக் கஷ்டத்தப் பாடணும்? சந்தோஷமா ஏதாவது பாடட்டுமே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய அம்மாவும் மரம் சீவியவர்தான். அவர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பிள்ளைகளுக்கு வறுமையைப் பாடமாக நடத்துவது எனக்கும் விருப்பமில்லை. ஆனால் எங்கள் வகுப்பு நடக்கிற தாமானே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். சாலைப் பெயரில்கூட அந்தப் பெயர் மிச்சமில்லை. அணிலும் பனிமனிதனும் தெரிந்த பிள்ளைக்கு, தன் கொள்ளுப்பாட்டியின் பிப்ரவரி தெரியாமல் போனால் அந்த மாதம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

டீச்சர் அவரிடம் வாதாடவில்லை. "ஒரு வாரம் உள்ள உக்காந்து பாருங்க சார்" என்றார். அவர் உட்கார்ந்தார். இலை கொட்டும் பாட்டில் வெள்ளை நூல் தீர்ந்ததும் அவருடைய மகள் எழுந்தாள். தன் தலையில் கட்டியிருந்த வெள்ளை ரிப்பனை அவிழ்த்து மங்குக்குட்டியின் வாயில் வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மகளைக் கொண்டுவந்து விட்டார். பாட்டை இன்னும் ஏற்றுக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

பாட்டைப் பதிவுசெய்து பாட்டிக்கு அனுப்பினேன். மூன்று தடவை கேட்டாராம். பிறகு போனில் அழைத்து, "பாலு சொட்டுறது இவ்ளோ வேகமா சொட்டாது. கொஞ்சம் நிறுத்திப் போடு" என்றார். வாயாலேயே சொட்டிக் காட்டினார். மெட்ரோனோமில் வைத்துப் பார்த்தேன், நிமிஷத்துக்கு 50க்குப் பக்கத்தில் வந்தது. இப்போது அந்த வேகத்தில்தான் பாடுகிறோம்.

வைக்கப் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "மொட்ட மரத்தோட விட்டுறாத. புது எல வரும்ல, செவப்பா, பளபளன்னு. அதுக்கும் ஒண்ணு போடு." ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும். பச்சைத் துணி வாங்கியிருந்தேன், டீச்சர் கடையில் மாற்றிவிட்டுச் செம்புநிறத் துணி எடுத்துவந்திருக்கிறார்.