தூசும் மூக்குத்தியும்

அப்பாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்வதில் மூன்று மாத ஞாயிறுகள் போய்விட்டன. பிஸ்கட் டப்பாவில் சுருட்டிப் போட்டிருந்தவை. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபனில் தயாரான ஆர்வோ ஃபிலிம். ஆக்ஃபா கிளிக் III காமிரா. சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெயிலா மேகமா என்பதற்கு மேல் அந்தக் காமிராவில் யோசிக்க எதுவும் இல்லை. மற்றதெல்லாம் சூரியன் பொறுப்பு.

1974இல் எடுத்த ஒரு படத்தில் சிக்கிக்கொண்டேன். பின்கட்டில், கொடியில் காயும் வேட்டிக்குப் பக்கத்தில் பெரியத்தை நிற்கிறாள். ஸ்கேனர் தானாகவே எக்ஸ்போஷரைக் கணித்துக் கொடுத்த படத்தில் அவள் சாம்பல் நிறம். வேட்டியும் சாம்பல். வெள்ளையாக இருந்தவை தூசுப் புள்ளிகள் மட்டுமே.

வங்கியில் தினமும் காசோலைகளை ஸ்கேன் செய்கிறவன் நான். அங்கே இயந்திரம் தவறுவது அபூர்வம். நெகட்டிவில் விஷயம் தலைகீழ். தூசு ஒளியை மறிக்கிறது. மறித்த இடம், படத்தைப் புரட்டியதும், வெள்ளையாகிறது. எது மிக அதிகமாக மறிக்கிறதோ அதுவே வெள்ளை என்று இயந்திரம் தீர்மானித்துவிடுகிறது. அதேபோல ஃபிலிமின் விளிம்புக்கு வெளியே நேராக வரும் ஒளியைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டும் படத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் படத்தில் உள்ள அத்தனை சாயல்களும் இந்த இரண்டுக்கும் நடுவே நெருக்கப்படுகின்றன. (நம் விமர்சனத்திலிருந்து இதற்கு உதாரணங்கள் தரலாம். நண்பர்கள் கைவசம் பட்டியல் இருக்கும்.)

துடைத்தால் கீறல் விழுகிறது. ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்ததில் பாதி போயிற்று. மீதி, ஐம்பது வருஷமாக ஒட்டிக்கொண்டது, போகவில்லை. அகச்சிவப்பு ஒளியால் தூசைக் கண்டுபிடிக்கும் வசதி ஸ்கேனரில் உண்டு. கலர் ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியை விட்டுவிடும், தூசு விடாது. ஆகவே தூசு தனியே தெரியும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்பது வெள்ளி. அதுவும் தூசைப் போலவே மறிக்கிறது. இயந்திரத்துக்கு அத்தையே தூசு.

சிறு வெள்ளைப் புள்ளிகளைத் தேடி அழிக்கும் இன்னொரு ஏற்பாட்டையும் முயன்றேன். முகம் சுத்தமாக வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன்: மூக்குத்தி இல்லை. வெயில் பட்டு மின்னிய ஒற்றைக் கல்லுக்கும் தூசுக்கும் அதனிடம் வித்தியாசம் கிடையாது.

கடைசியில் கையால் செய்தேன். அளவெடுக்கும் எல்லையைப் படத்துக்குள்ளே சுருக்கினேன். கறுப்புக்கு, இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள ஒளிபடாத வெற்றுப் பட்டையை அளந்தேன். காமிரா பார்க்காத இடம், அதைவிடக் கறுப்பு அந்தச் சுருளில் இருக்க முடியாது. வெள்ளைக்கு வேட்டி. அதற்கு மேலே தூசும் மூக்குத்தியும் எவ்வளவு வெளுத்தாலும் வெளுக்கட்டும் என்று விட்டேன். பிறகு தூசை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன்.

அத்தை வந்தாள். நல்ல கறுப்பு. நெற்றியிலும் கன்னமேட்டிலும் வெயில் வழுக்கிக்கொண்டு போகிற கறுப்பு.

அவள் மகள், எனக்கு மதினி, படத்தைப் பார்த்ததும், "எங்கம்மா இம்புட்டு கறுப்பு இல்ல" என்றாள். அவள் வீட்டுச் சுவரில் தொங்குவது ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம். முகத்தில் பவுடர், அதற்கு மேல் நெகட்டிவில் பென்சிலால் வேலை. அந்த நாளில் எல்லா ஸ்டுடியோவிலும் செய்ததுதான். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். அம்மா போய் இருபது வருஷம்; சுவரில் இருப்பவள்தான் மதினிக்கு அம்மா. "கொஞ்சம் வெளுப்பாக்கித் தா" என்றாள். ஒரு நொடி வேலை. முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக அவள் பேசவில்லை. பேங்க்காரன் கணக்குப் பார்க்கிறான் என்று யாரிடமோ சொன்னாளாம்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா கறுப்புதான். ஆனா அந்த வேட்டி ஏன் இப்படிப் பளிச்சுன்னு இருக்கு? அது எங்க தாத்தா வேட்டிடா. துவைச்சுத் துவைச்சுப் பழுப்பேறினது."

அப்படியானால் அத்தை நான் வைத்த இடத்தைவிட இன்னும் ஒரு படி கறுப்பு. நெகட்டிவை மறுபடி ஸ்கேனரில் வைத்தேன். அதற்குள் புதிதாகத் தூசு விழுந்திருந்தது.