இருபத்தொரு நாள் ஜாடி

புதுக்கோட்டை
மார்கழி, விடியற்காலை

அடி மெல்போர்ன்காரி,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்தபோது ரயில் கீரனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. “31ஆம் தேதி ராத்திரி வீட்டில் இருபது பேர். விண்டர் காக்டெயில் தீம். என்ன கலக்கலாம், சீக்கிரம் சொல்லு.” படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எதிர் இருக்கைப் பெரியவர் ஒருமாதிரி பார்த்தார். டிசம்பர் கடைசியில் உன் ஊரில் கொளுத்துகிற வெயில். நீயோ வாசலில் பஞ்சை ஒட்டிப் பனி என்று சொல்லி, பட்டை போட்டுச் சுடவைத்த ஒயினை வியர்க்க வியர்க்க நீட்டப் போகிறாய். இந்தப் பக்கமும் பெரிய குளிர் இல்லை. மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் கட்டினால் போதும், எட்டு மணிக்கு அதுவும் வேண்டியிருக்காது.

பதிலை அங்கேயே தட்ட ஆரம்பித்தேன். நாலு நாளாகியும் முடியவில்லை, அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

உன் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள பழைய சம்பந்தம் உனக்குத் தெரியுமோ என்னவோ. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மோலி ஃபிங்க் என்கிற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். கல்யாணம் நடந்தது உன் மெல்போர்னில்தான். அந்த வருஷக் கடைசியில் மோலி இங்கே வந்து இறங்கினார். பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை ராணியாக ஏற்க மறுத்தது. இங்கே இருந்தபோதே உடம்புக்கு முடியாமல் போக, அரளி கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். 1916இலேயே இருவரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் மோலி இங்கே கழித்தது ஒரே ஒரு மார்கழி.

அப்புறம் பிரான்சில், கான் நகரத்துக் கடலோரத்தில் வாழ்க்கை. அமெரிக்கா 1920இல் மதுவிலக்குக் கொண்டுவந்ததும் வேலை போன மதுக்கூடக்காரர்கள் பலர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். காக்டெயில் அங்கே நாகரிகத்தின் அடையாளமாகவே ஆன காலம் அது. ராஜா 1928இல் பாரீசில் இறந்தார், லண்டனில் எரியூட்டினார்கள். மோலி 1967 வரை இருந்து கானிலேயே கண்மூடினார். அந்தக் கான் நகரத்து விருந்துகளில் எந்தக் கோப்பையிலாவது புதுக்கோட்டைச் சுக்கோ எலுமிச்சையோ விழுந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே புது அரண்மனையைச் சுற்றி வந்தேன். இப்போது அது கலெக்டர் ஆபீஸ். வாசலில் மனு எழுதுகிறவர்கள், ஜெராக்ஸ் கடை, டீக்கடை. அந்த டீக்கடையில் குடித்த சுக்குமல்லிக் காப்பிக்குச் சமமாக உன் சுடுஒயினைச் சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்தது திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர் ஒன்றுக்கு. செட்டிநாடு என்றால் எல்லோரும் காரைக்குடியையே சொல்வார்கள். கடியாபட்டி, ராயவரம், அரிமளம், கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் பிள்ளையார் நோன்புக்குத் திறக்கின்றன. சில வருஷம் இந்த நோன்பு கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் வளவில் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். டிசம்பரில் வீட்டில் கூடுகிற விருந்து என்று நீ கேட்டாயே, இந்தச் சீமையில் அது ஏற்கனவே இருக்கிறது.

கார்த்திகை தீபத்திலிருந்து நாள் எண்ணுகிறார்கள். கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு இழையாக 21 நாள் எடுத்துச் சேர்க்கிறார்கள். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் அந்த 21 இழைகளும் ஒரு திரி. அரிசிமாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, பிள்ளையார் என்று கூம்பாகப் பிடித்து, திரியை அதில் நட்டு ஏற்றுகிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுக்க, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறார்கள்! ஆறு வயசுப் பொடியன் ஒருவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான். எனக்குத்தான் தொண்டை சுட்டது. கடலில் புயலில் மாட்டிக்கொண்ட வணிகர்கள் நாளுக்கு ஒரு நூலாக எண்ணிப் பிள்ளையாரை வேண்டிக் கரைசேர்ந்த கதை ஒன்றையும் சொன்னார்கள்.

என்னை உட்கார வைத்துப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் தந்த ஆச்சி, இழைக்கான மாவை ஒரு தட்டில் எண்ணி வைத்தார். அப்புறம் மறுபடி எண்ணி ஒன்று கூட்டினார். கேட்டேன். “சின்னவ முழுகாம இருக்கா. வயித்துப் புள்ளைக்கும் ஒரு இழை உண்டுல்ல?” என்றார்.

இதை உனக்காக மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். போன வருஷம் நான் போன விருந்து ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. குடிக்கிறவர்கள் கையிலெல்லாம் நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை, விளிம்பில் ஆரஞ்சுச் சுளை, ரோஸ்மேரிக் கொத்து. எனக்கும், மாத்திரை சாப்பிடுகிற ஒரு மாமாவுக்கும், பிள்ளைகளுக்கும் காகிதக் கப்பில் கலர். ராத்திரி முழுக்க அந்தக் கப்பைக் கசக்கிக்கொண்டு நின்றேன். உன் இருபது பேரில் எத்தனை பேர் குடிக்க மாட்டார்கள், எத்தனை பேர் காரோட்டிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று எண்ணிவிட்டாயா? முதலில் எண்ணு. எல்லோருக்கும் ஒரே பானம், ஒரே கோப்பை, ஒரே அலங்காரம் என்று வைத்துவிடு. சாராயம் வேண்டியவர்கள் பக்கத்து மேஜைப் புட்டியிலிருந்து தாங்களே ஊற்றிக்கொள்ளட்டும். யார் ஊற்றினார்கள், யார் ஊற்றவில்லை என்று வெளியே தெரியவேண்டியதில்லை.

என்ன பானம் என்பதற்கு நோன்புக்கு மறுநாள் விடை கிடைத்தது. ஆவூர்ப் பக்கம் போயிருந்தேன். வீரமாமுனிவர் ஊழியம் செய்த பழைய மாதா கோயில் இருக்கிறதே, அந்த ஆவூர். ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பது வயசு. உள்ளே கூப்பிட்டுச் சின்னக் கண்ணாடி டம்ளரில் செம்பழுப்பாக ஏதோ தந்தார். ஒரு வாய்தான். மூக்கு, காது, உச்சந்தலை எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. இஞ்சி ஒயின்! பேர்தான் ஒயின், சொட்டுப் போதை கிடையாது. கால் கிலோ இஞ்சியை நசுக்கி, இரண்டு வற்றல் மிளகாய், பட்டை, கிராம்போடு இரண்டு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை. அதில் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துக் கருகும் பதம்வரை காய்ச்சிச் சேர்ப்பது நிறத்துக்கு. ஆறியபிறகுதான் எலுமிச்சை, சூட்டில் பிழிந்தால் கசக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்.

கூடத்து மூலையில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி இருந்தது. இப்போது அதில் உப்பு. டீச்சரின் அம்மா காலத்தில் அதில்தான் திராட்சை ஊறுமாம். அப்போது இது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அந்த மாகாணத்தின் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடப்பு. மது விற்கிற அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு, வீட்டு ஜாடியில் ஊறவைக்க நமக்குக் கிடையாது. “அம்மாவோட போச்சு” என்று டீச்சர் ஜாடியைத் தட்டினார். செய்முறையை மட்டும் மறக்கவில்லை. கறுப்புத் திராட்சை இரண்டு கிலோவைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, கையால் மசித்து, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட், கொதித்து ஆறிய தண்ணீர். வாயை வெள்ளைத் துணியால் கட்டவேண்டும். இறுக மூடினால் உள்ளே எழுகிற காற்று ஜாடியையே பிளந்துவிடும். ஈரமில்லாத மரக்கரண்டியால் தினம் ஒருமுறை கிளறவேண்டும்.

“எத்தனை நாள் டீச்சர்?”

“இருபத்தொண்ணு.”

திருமயம் பக்கம் நூலை எண்ணினால் ஆவூரில் கரண்டியை எண்ணியிருக்கிறார்கள். இரண்டு வீடும் ஒன்றையொன்று அறியாது. டீச்சரிடம் இழையைப் பற்றிச் சொன்னேன். “அப்படியா, நெருப்போடவா?” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

உனக்கு இருபத்தொரு நாள் இல்லை. ஒரு வாரம்தான் இருக்கிறது. உன் ஊரில் வீட்டில் ஒயின் ஊறவைப்பது குற்றமில்லை, காய்ச்சி வடித்தால்தான் பிடிப்பார்கள். அதனால் ஜாடியை ஜனவரியில் போட்டுக்கொள். இந்த 31க்கு இரண்டு பானம் போதும். மூன்றாவது வைத்தால் நீ சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாய்.

ஒன்று, டீச்சரின் இஞ்சிச் சாறு. 29ஆம் தேதியே காய்ச்சி ஃபிரிட்ஜில் வை. தண்ணீருக்குப் பதில் சோடா, கோப்பை நிறைய ஐஸ். வேண்டியவர்கள் கறுப்பு ரம் ஊற்றிக்கொள்ளட்டும். இஞ்சியும் ரம்மும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குவீன்ஸ்லாந்தில் பண்டபெர்க் என்ற ஒரே ஊரில் கரும்பும் விளைகிறது, ரம்மும் இஞ்சி பீரும் அங்கேதான் தயாராகின்றன.

இரண்டாவது பானகம். முகத்தைச் சுளிக்காதே. ராமநவமிக்குக் கோயிலில் வாங்கி ஒரு வாயில் ஊற்றிக்கொள்கிற பானகத்தை நினைத்துத்தானே சுளிக்கிறாய்? ஒரு கிலோ வெல்லத்தை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் போக இரண்டுமுறை வடிகட்டு. எலுமிச்சை ஒரு டஜன், சுக்கும் ஏலமும் பொடித்துப் போடு. நாலைந்து மிளகு தட்டினால் இன்னும் நல்லது. பச்சைக் கற்பூரம் வேண்டாம், பாட்டிலில் போட்ட கோயில் மாதிரி ஆகிவிடும். முப்பத்தைந்து டிகிரியில் வியர்த்து வருகிறவர்களுக்கு இதைவிடச் சரியான பானம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதில் ஜின்னும் சேரும் என்கிறார்கள். நான் சேர்த்துப் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை.

கடிக்க நிறையத் திட்டம் போடாதே. மனகோலமும் சீப்புச்சீடையும் உன் ஊர் இந்தியக் கடையில் கிடைக்காவிட்டால் முறுக்கும் வேர்க்கடலையும் போதும். சூடாக ஒன்றே ஒன்று: முட்டை மாஸ். இந்த ஊர்க் கடைகளில் அவித்த முட்டையை நறுக்கி, வெங்காய மசாலாவில் புரட்டித் தருகிறார்கள். முட்டையை முன்கூட்டியே அவித்து வைத்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை. ஐஸ் மட்டும் ஆளுக்கு ஒரு கிலோ கணக்கில் வாங்கு. உன் ஃபிரிட்ஜ் தட்டு இரண்டையும் நம்பி முன்பொருமுறை என்ன ஆயிற்று என்று ஞாபகம் இருக்கிறதல்லவா?

பஞ்சுப் பனியை வேண்டுமானால் ஒட்டிக்கொள், தடுக்கமாட்டேன்.

ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆச்சி பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார், டீச்சர் கொடுத்த இஞ்சிப் புட்டியைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். உனக்குப் புதுவருஷம் பிறக்கும்போது எனக்குச் சென்னையில் மாலை ஆறரை. வீடியோவில் கூப்பிடு. பானகத்தை எந்தக் கோப்பையில் ஊற்றியிருக்கிறாய் என்று நான் பார்க்கவேண்டும்.

உன்
பழைய அறைத்தோழி