ஜாக்கி நிற்கும் இடம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்கு நான் போனபோது இன்னும் விடியவில்லை. வெயில் ஏறினால் கான்கிரீட் அவசரமாக இறுகும் என்பதால் நாலரை மணிக்கே மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. போர் போடும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கத் தரை போடுகிறார்கள்.

இந்த ஊர் ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரை போய் போர் போட்டுவிட்டு வருகின்றன. மாஸ்டும் பம்புகளும் ஏறிய வண்டியின் எடை 20 டன்னைத் தாண்டும். பட்டறையில் அதை ஹைட்ராலிக் ஜாக்கியில் தூக்கி நிறுத்தும்போது, பத்து டயர்களில் பரவியிருந்த பாரமெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள மூன்று நான்கு இடங்களில் இறங்குகிறது. தரை உள்வாங்கினால் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கின் கதி? பழைய நாலு அங்குலத் தரையை உடைத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். ஒரு துண்டை நகத்தால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது.

“தண்ணி பண்ணுன வேலைங்க அது,” என்றார் மேஸ்திரி. “தண்ணி ஊத்துனா கலவை சுளுவா ஓடும், கை வலிக்காது. அப்புறம் தரை நிக்காதுங்க.”

ஒரு மூட்டை சிமெண்டுக்கு 22 லிட்டர். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. வாளியில் கோடு போட்டு வைத்திருந்தார். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடும். பின்னால் டீசலும் ஆயிலும் அந்த வழியாகவே உள்ளே இறங்கும்.

கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி ரோலர் ஓட்டி முடிக்கவே ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன்மேல் பாலிதீன் விரிப்பு, 12 மில்லிமீட்டர் கம்பிகள், எட்டு அங்குலக் கான்கிரீட். வைப்ரேட்டர் முனை இறங்கும்போது ஜல்லி அமிழ்ந்து காற்றுக்குமிழிகள் மேலே வரும். குமிழி நின்றதும் முனையை மெதுவாக உருவுகிறார்கள். ஆயில் குழிப் பக்கம் எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம்.

மட்டக்கோல் இழுத்ததும் மேஸ்திரி தேய்க்கிற மணியாஸ் கட்டையை எடுப்பார் என்று பார்த்தேன். சும்மா நின்றார். மேலே ஊறிய நீர் வற்றும்வரை தொடக்கூடாதாம். அந்த ஈரத்தில் சிமெண்ட் தூவித் தேய்த்தால் பளபளவென்று வரும், பிறகு தோலாக உரியும். கால் மணி, அரை மணி என்று காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் அவர் தொழில் என்று எனக்குப் பட்டது. கடைசியில் ஆயிலில் கால் வழுக்காதபடி துடைப்பத்தால் வரி இழுத்தார்.

மறுநாள் காலை 15 அடிக்கு ஒன்றாக, இரண்டு அங்குல ஆழத்தில் ஜாயிண்ட் வெட்டினார்கள். சுருங்கும் கான்கிரீட் கண்ட இடத்தில் விரிசல் விடாமல் அந்தக் கோட்டில் விடட்டும் என்று. அது முடிந்ததும் ஆண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு சித்தாள் பெண்கள் மட்டும் தங்கினார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, 14 நாள் தரையைக் காயவிடாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. கலவையில் கஞ்சமாகக் கொடுத்த தண்ணீரை இப்போது வாரி வழங்க வேண்டும். இல்லையென்றால் முந்தின நாள் உழைப்பு வீண். ஆனாலும் அவர்கள் கூலி கொத்தனார் கூலியைவிட மிகக் குறைவு. அது நியாயமாக எனக்குப் படவில்லை.

பொழுது சாயும்போது அவர்களில் மூத்த பெரியம்மா ஒரு மூலையைக் காட்டினார். பாத்தி கசிந்து அங்கே தரை வெளுத்திருந்தது.

“தாகமெடுத்துருச்சு பாருங்க,” என்று சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டு, அடுத்த குடத்துக்குப் போனார்.