துணிக்கொடி ஆணி

என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பட்டறை மேசை நிற்கிறது. வருகிறவர்கள் அதைக் கையால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குதே, நீங்களே செஞ்சதா?" என்பார்கள். "ஆமாம்" என்று தலையாட்டுவேன். அந்த ஆமாமில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில், ஒரு மனிதரின் பிழைப்பில் நான் அள்ளிப்போட்ட மண் இருக்கிறது.

உறுவையாற்றில் எங்கள் தெருவில் கார் ஷெட் என்பது கார் நிற்கிற இடமல்ல. என் ஷெட்டில் ஒரு ஸ்கூட்டர், இரண்டு சைக்கிள், ஓட்டை விழுந்த மருந்து தெளிப்பான், அப்பா காலத்து மண்வெட்டிகள். மேலே தகரம். கீழே, மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடட்டும் என்று வாட்டம் கொடுத்துப் போட்ட சிமெண்டுத் தரை. வாட்டம் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த பிறகாவது போயிருக்கலாம். மறுநாளும் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து சங்கராபரணி கரைபுரண்டது. எங்கள் கொல்லையில் அப்பா நட்ட வேம்பு வேரோடு சாய்ந்து கிடந்தது. 2011-ல் தானே புயல் வந்து எங்கள் பக்கத்து மாவையும் பலாவையும் முறித்தபோதும் அசையாத மரம். விறகுக்குப் போடுவதா என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லைம்மா, மேசை செய்யப்போறேன்" என்றேன்.

அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவனுக்குத் தச்சு ஆசை எப்படி வந்தது என்றால், படித்து வந்தது. பாரிசில் 1769-ல் ரூபோ என்ற தச்சர் வெளியிடத் தொடங்கிய பெரிய நூலில் ஒரு பட்டறை மேசையின் படம் உண்டு. ஐந்தாறு அங்குல கனத்தில் ஒரே பலகை, யானைக்கால் போல நான்கு கால். ஆங்கிலேயர் 1761-ல் இடித்துத் தரைமட்டமாக்கிய பாண்டிச்சேரியை, 1765-ல் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே அந்த வீடுகளுக்கு நிலையும் கதவும் இழைத்த நம் ஆசாரிகள், தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பலகையைப் பிடித்துத்தான் இழைத்திருப்பார்கள். எங்கள் தெரு ஆசாரி அண்ணன் எழுபதைத் தாண்டியவர். அவரும் அப்படித்தான் வேலை செய்தார். நான் அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்ப்பேன். நிமிர்ந்து நின்று வேலை செய்யத் தெரியவில்லையே பாவம் என்று.

செலவு கணக்கும் பிடித்திருந்தது. கடையில் இரும்பு மேசை 15,000-க்குக் குறைந்து இல்லை. மரம் சொந்தம், வண்டி வாடகை, அறுப்புக்கூலி, போல்ட் நட்டு எல்லாம் சேர்ந்து 4,000-க்குள் முடியும்.

மில்லில் மூன்றாவது அறுப்பு. கிரீச்சென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம், தீப்பொறி. மில்லுக்காரர் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். பலகையைப் புரட்டினால், மரத்துக்குள் ஓர் ஆணி. அம்மா துணி காயப்போடக் கொடி கட்டுவதற்கு அப்பா அடித்தது. மரம் வளர வளர அதை விழுங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. ஆணியைச் சுற்றி, மைக்கூடு கவிழ்ந்தாற்போல உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலக் கறை. ரம்பப் பட்டையில் நாலைந்து பல் போயிருந்தது. அவர் வேறு பட்டை மாட்டி அறுத்துக் கொடுத்தார். அறுப்புக்கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. "அப்பா அடிச்ச ஆணின்றீங்க, அத வச்சி என்னாத்த கேக்கறது சார்" என்றார்.

வண்டி கிளம்பும்போது பின்னாலேயே வந்து சொன்னார்: "பச்ச மரம் சார். நெழல்ல அடுக்கி, நடுவுல ஒன்னரை அடிக்கு ஒரு குச்சி குடுங்க. ஒரு கோடை போவட்டும்."

நான் கேட்கவில்லை. பொங்கலுக்குள் முடிக்கிறேன் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தை பிறப்பதற்குள் மேசை நின்றது. ஆறடி நீளம், ஒன்றரை அங்குலப் பலகைகள், 36 அங்குல உயரம். உயரம் ஏதோ அயல்நாட்டு வரைபடத்தில் போட்டிருந்தது. அந்த ஊர்க்காரனுக்கு என்னைவிட அரையடி உயரம் கூடுதல் என்பது தோன்றவில்லை. காலில் வெட்டு எடுக்கச் சோம்பல்பட்டு, குறுக்குச் சட்டத்தைக் காலின் முகத்தில் வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். மூலைவிட்டச் சட்டம் வைக்கவில்லை. அடியில் சாமான் தள்ள இடைஞ்சல் என்று நினைத்தேன். வாட்டத் தரையில் மேசை ஆடியது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை நாலாக மடித்து ஒரு காலுக்குக் கொடுத்தேன். நின்றது. படம் எடுத்து அனுப்பினேன்.

மாசி முடிவதற்குள் பலகைகளுக்கு நடுவே ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி. பச்சை மரம் காய்ந்தால் நீளத்தில் குறைவது கண்ணுக்கே தெரியாது, அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை தாம்பாளம் மாதிரி வளைகிறது. போல்ட்டுக்கு அடியிலும் மரம் சுருங்கும், பிடி தளரும். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது திரும்பத் திரும்ப நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தன் கழனி மோட்டாரைக் கொண்டுவந்து அதன்மேல் இறக்கினார். பேரிங் மாற்ற வேண்டும். ஸ்பானரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். சத்தமே இல்லை. மேசை, கால் மடக்குகிற கன்றுக்குட்டி போலப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. மோட்டார் உருண்டு ஸ்கூட்டர் மேல். நல்லவேளை, காலில் விழவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். ஒரு நொடிதான். வாயிலிருந்து வந்தது: "மில்லுல மரத்த மாத்திட்டாங்க மச்சான். என் மரம் இப்படி ஆவாது."

கொல்லையில் நின்ற மரம் அதுதான் என்பதற்கு உலகத்திலேயே என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆணியை என் கண்ணால் பார்த்தவன் நான். அந்தப் பலகையைக் கறை தெரியக்கூடாதென்று அடிப்பக்கமாகத் திருப்பிப் போட்டவனும் நானே.

மச்சான் வில்லியனூரில் தினம் இரண்டு வேளை டீக்கடையில் உட்காருகிறவர். பத்து நாளில் எங்கள் தெருவில் புயலுக்கு விழுந்த மரம் வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், வண்டி வாடகை அதிகம் கொடுத்து வேறு மில்லுக்கு ஏற்றிப் போனார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "நல்லவேளை சொன்னீங்க" என்று நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

ஆசாரி அண்ணனை நான் கூப்பிடவில்லை. அவரே வந்தார். கிடந்த பலகையை விரல் முட்டியால் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "ஈரம் போவல தம்பி. அவுத்து அடுக்கு. ஆவணிக்குப் பாக்கலாம்." ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்று நான் படித்த கணக்கைச் சொன்னேன். "அது பனி ஊருக்கு. நம்ம வெயிலுக்கு அவ்வளவு வேணாம்" என்றார்.

ஆவணியில் தட்டியபோது பலகை கணீரென்றது. அவர் தரையில் உட்கார்ந்து, கால் விரலில் பலகையைப் பிடித்து, இழைப்புளியை ஓட்ட ஆரம்பித்தார். வேப்பஞ்சுருள் வாசனை. மூன்றாவது பலகையைப் புரட்டியதும் கை நின்றது. கருநீலக் கறை, நடுவில் ஆணி முனை.

"துணிக்கொடி ஆணியா?" என்றார். அந்தக் கொடியில் எங்கள் வீட்டுத் துணி காய்ந்ததை முப்பது வருடம் பார்த்தவர்.

"ஆமாண்ணே."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இழைத்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் செய்தது பெரிய மாயமில்லை. காலில் வெட்டு எடுத்து, சட்டத்தை அதற்குள் உட்காரவைத்தார். பாரம் மரத்தின்மேல் மரமாக இறங்க வேண்டும். போல்ட் பிடித்துக்கொள்ள மட்டும்தான், சுமக்க அல்ல. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம். நாலு பக்கச் சட்டகத்தை ஒரு பிள்ளை தள்ளினாலும் கோணலாகும், முக்கோணத்தை யானை தள்ள வேண்டும். மேல்பலகைக்குத் திருகு போகும் துளைகளைச் சட்டத்தில் நீளவாக்கில் எடுத்தார். மழைக்கு ஊதவும் வெயிலுக்குச் சுருங்கவும் பலகைக்கு இடம் வேண்டுமே. என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, மடக்கிய உள்ளங்கை மட்டத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். 32 அங்குலம்கூட வரவில்லை. தரை வாட்டத்துக்கு, இரண்டு கால்களுக்கு அடியில் செதுக்கிய கருங்கல் துண்டு. கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தார்.

பாண்டிச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பற்றி நான் நண்பர்களிடம் நிறையப் பேசுவேன். அதைக் கட்டும்போது 1937 முதல் 1939 வரை இங்கே தங்கி மேற்பார்வை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா பிற்பாடு அமெரிக்காவின் பெயர்பெற்ற மரவேலைக் கலைஞர் ஆனார். படித்த கட்டடக் கலைஞர். மூட்டு வெட்டும் நுணுக்கத்தை 1942-ல் போர்க்கால முகாமில் அடைபட்டிருந்தபோது ஹிக்கோகாவா என்ற தச்சரிடம் கூட இருந்து கற்றார். இந்தக் கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன், ஆசாரி அண்ணன் வீடு எனக்கு நாலாவது வீடு என்பதை யோசிக்காமல்.

ஆசாரி அண்ணனுக்கு இப்போது மூட்டுவலி, சம்மணம் போட முடிவதில்லை. காலையில் வந்து அந்த மேசையில் நின்றுகொண்டு சின்ன வேலைகளைப் பார்க்கிறார். "உசரம் சரியாத்தான் கீது" என்பார். ஒருநாள் உளியைத் தீட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "மில்லாண்ட போய்ச் சொல்லிட்டியா?"

போனேன். மில்லுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மேசை எப்படி இருக்குது சார்?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். தொண்டை அடைத்தது. நாலு ரீப்பர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் போனேன். அன்றைக்கும் நாலு ரீப்பர். மச்சானிடமாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் வேறு ஏதோ கதையில் இருந்தார்.

மில்லுக்காரர் மேசையில் வாரப் பத்திரிகை ஒன்று எப்போதும் கிடக்கும். அறுப்பு ஓடும்போது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை படிப்பார். இது அச்சில் வருவதற்குள் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன். ஷெட்டில் இப்போது பன்னிரண்டு ரீப்பர் சும்மா கிடக்கிறது.